முதல் வாடகை வீடு: காரைக்குடியில் எதை வாங்கலாம், எதை விடலாம்

கேள்வி கேட்டவர் தேவகோட்டைக்காரர். இந்தியக் குடிமகன், சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். கையில் 30 லட்சம் இருக்கிறது. வங்கிக் கடனும் கிடைக்கும். மாதா மாதம் வாடகை வரும்படி முதல் சொத்து ஒன்றை வாங்க நினைக்கிறார். மூன்று இடங்கள் அவர் முன்னால் இருக்கின்றன. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டில் நான்கில் ஒரு பங்கு, 28 லட்சம். காரைக்குடியில் பல்கலைக்கழகத்துக்கு அருகே கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் உள்ள வீடு, 52 லட்சம். திருச்சி–ராமேஸ்வரம் நெடுஞ்சாலையை ஒட்டிய புது லேஅவுட்டில் இரண்டு மனைகள். எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, என் விடை இரண்டாவதுதான். அதுவும் விலையைக் கொஞ்சம் இறக்கிய பிறகு, நான் கீழே சொல்லும் சில விஷயங்கள் சரியாக இருந்தால் மட்டும். இந்தப் பக்கத்தில் வங்கிகளுக்காகச் சொத்துப் பத்திரங்களைப் படித்துச் சட்டக் கருத்து எழுதுவதே என் தொழில். செட்டிநாட்டில் வாடகைச் சொத்து வாங்குபவர் முதலில் பத்திரத்தைப் பார்க்க வேண்டும், அடுத்து யார் குடிவருவார் என்று பார்க்க வேண்டும், கட்டடத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முகப்பையும் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் பார்த்து மனத்தைக் கொடுத்துவிட்டு, அட்வான்ஸ் போட்ட பிறகு பத்திரத்தோடு என்னிடம் வருகிறார்கள்.

பெரிய வீட்டுப் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மனம் அங்கேதான் இருக்கிறது என்பது கேள்வியை எழுதிய விதத்திலேயே தெரிகிறது. எனக்கும் அந்த வீடுகள் மேல் பிரியம் உண்டு. பர்மாத் தேக்கும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சும் இன்னொரு முறை யாராலும் கட்டித் தர முடியாத செல்வம். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் வாங்கப்போவது வீட்டை அல்ல, பிரிபடாத ஒரு பங்கை. இரண்டுக்கும் சட்டத்தில் வெகுதூரம்.

சொத்து மாற்றச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பிரிக்கப்படாத குடும்பத்துக்குச் சொந்தமான குடியிருப்பு வீட்டில், குடும்பத்தைச் சேராத ஒருவர் ஒரு பங்கை வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை அவருக்குக் கிடைக்காது. 28 லட்சம் கொடுத்துப் பதிவு செய்துகொண்ட பிறகும் இரண்டாங்கட்டில் ஒரு அறையைத் திறந்து குடிவைக்க உங்களுக்கு வழி இல்லை. பாகப்பிரிவினை வழக்குப் போடுவதுதான் மிச்சம். வழக்குப் போட்டால் 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு குறுக்கே வரும். குடும்பத்தில் உள்ள பங்குதாரர் ஒருவர், நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலையில் உங்கள் பங்கைத் தாமே வாங்கிக்கொள்வதாகச் சொல்லலாம். நீங்கள் பங்கைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். குடும்ப வீட்டுக்குள் அந்நியர் நுழையக்கூடாது என்ற எண்ணத்தில் எழுந்த சட்டங்கள் இவை. நியாயமான எண்ணம்தான். வாடகை எதிர்பார்த்து நுழையும் முதலீட்டாளருக்கு அங்கே இடம் இல்லை, அவ்வளவே.

"பங்காளிகளுக்குள் அறை அறையாகப் பிரித்து அனுபவித்து வருகிறோம், கூர்ச்சீட்டு இருக்கிறது" என்று விற்பவர் சொல்வார். சொல்லட்டும். கூர்ச்சீட்டு என்பது குடும்பத்துக்குள் பங்கு பிரித்து எழுதிக்கொண்ட சீட்டு. பதிவாகாத கூர்ச்சீட்டை நம்பி எந்த வங்கியும் கடன் தராது. முறையாகப் பதிவான பாகப்பிரிவினையே இருந்தாலும், முற்றம், கிணறு, வளவு, முகப்பு ஆகியவை பெரும்பாலும் பொதுப் பாத்தியமாகத்தான் விடப்பட்டிருக்கும். ஓடு மாற்ற வேண்டும் என்றால் எல்லாரையும் கேட்க வேண்டும். ஒரு பங்காளி கோலாலம்பூரில், ஒருவர் சென்னையில், இன்னொருவர் போன ஆண்டு காலமாகி அவருடைய மூன்று பிள்ளைகள் மூன்று நாடுகளில். கூரை ஒழுகுவதைத் தடுக்க ஒரு கையெழுத்து வாங்குவதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

பெண் மக்கள் விஷயம் இதைவிட முக்கியமானது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25க்கு முன் திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு வந்துவிட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதைக் கொடுத்தது. அந்த உரிமை பிறப்பிலேயே வருகிறது, தந்தை எப்போது இறந்தார் என்பது பொருட்டில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அது அப்படியே நிற்கும். இல்லையென்றால், "அக்கா தங்கைகளுக்குச் சீர் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று, அவர்கள் கேட்கமாட்டார்கள்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது. அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது உங்கள் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். உங்கள் பாதுகாப்புக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்கு உரியது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவும் சொல்கிறேன்.

அந்த வீட்டின் மேல் ஆசை தீரவில்லை என்றால், இன்னும் பத்து ஆண்டு கழித்து, எல்லாப் பங்குகளையும் ஒரே நாளில் ஒரே பத்திரத்தில் வாங்க முடிகிற நிலையில் வாங்குங்கள். குடியிருக்க வாங்குங்கள், அல்லது காப்பாற்ற வாங்குங்கள். விருந்தினர் விடுதியாக மாற்றி நன்றாக நடத்துபவர்கள் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் இருக்கிறார்கள். ஆனால் அது முழுநேர வியாபாரம்: சமையற்காரர், வேலையாட்கள், உரிமங்கள், பருவம் பார்த்து வரும் கூட்டம். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு அதை நடத்த முடியாது. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருக்கும் நிலைக்கதவுகளும் தூண்களும், பங்காளிகள் ஒத்துப்போக முடியாமல் பிரித்து விற்ற வீடுகளிலிருந்து வந்தவைதாம். உங்கள் 28 லட்சம் இன்னொரு வீட்டின் சண்டையை வளர்க்கப் போக வேண்டாம்.

மனைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காலி மனை வாடகை தராது. நீங்கள் கேட்டது வாடகை. என்றாவது வாங்குவதானால் நகர ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யின் அங்கீகாரமும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நிலம் ஆவணத்தில் இன்னும் விவசாய நிலமாகவே இருந்தால், வெளிநாடுவாழ் இந்தியரான நீங்கள் அதை வாங்கவே கூடாது. காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது, மினி டைடல் பூங்கா என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் என்றெல்லாம் சொல்லி லேஅவுட்காரர்கள் விலையை ஏற்றுவார்கள். வரப்போவதற்கு இன்றே விலை கொடுக்காதீர்கள்.

இனி காரைக்குடி வீடு. கணக்கில் தொடங்குவோம், ஏனென்றால் புரோக்கர்கள் சொல்லும் கணக்கு எப்போதும் பாதியில் நின்றுவிடுகிறது.

கீழ் போர்ஷன் 9,000, மேல் போர்ஷன் 7,500 என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு 1,98,000. இதை 52 லட்சத்தால் வகுத்து ஏறக்குறைய 4 சதவீதம் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உண்மையில் 52 லட்சத்தோடு முடிவதில்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கிரய விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல். அதுவே 4,68,000. கடன் செலவு, வழக்கறிஞர், பத்திர எழுத்தர், குடிவைப்பதற்கு முன் செய்யும் சில்லறை வேலைகள் என்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும். ஆக 58 லட்சம். வரவுப் பக்கத்தில் ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று கழியுங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் கழியுங்கள். மோட்டார், குழாய், நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பு ஆகியவற்றுக்கு மாதம் 2,000 ஒதுக்கி அதையும் கழியுங்கள். கையில் நிற்பது சுமார் ஒன்றரை லட்சம். 58 லட்சத்துக்கு இரண்டரை சதவீதம்.

வங்கி வைப்பில் இதைவிட அதிகம் வரும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. வீட்டில் லாபம் வர வேண்டுமானால் அது வாடகை உயர்விலிருந்தும் நிலத்தின் மதிப்பு உயர்விலிருந்தும்தான் வர வேண்டும், இரண்டும் மெதுவாக வருபவை. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கை வைக்காமல் இருக்க முடியாது என்றால் இந்தப் பணத்தை வைப்பிலேயே விட்டுவிடுங்கள்.

இருக்க முடியும் என்றால், 48 லட்சத்துக்குப் பேசுங்கள். விற்பவரிடம் மேலே உள்ள கணக்கையே காட்டுங்கள். காரைக்குடியில் கணக்குக்கு மரியாதை உண்டு. 48க்கு முடிந்தால் பதிவுச் செலவு 4,32,000. மற்றவையும் சேர்த்து 54 லட்சம். உங்கள் கையிலிருந்து 27 லட்சம், கடன் 27 லட்சம். எட்டரை சதவீத வட்டியில் இருபது ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 23,400 வரும். செலவு போக வாடகை மாதம் 12,500. மீதி 11,000 ரூபாயை உங்கள் சம்பளத்திலிருந்து போட வேண்டும். அந்தப் பதினோராயிரம் உங்களைத் தொந்தரவு செய்யாது என்றால் சரி. மீதமுள்ள 3 லட்சத்தைத் தொடாமல் வைத்திருங்கள். முழு 30 லட்சத்தையும் வீட்டில் இறக்கிவிட்டு, முதல் ஆண்டே ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் கடன் அட்டையைத் தேடும் நிலைக்கு வராதீர்கள்.

அந்த இடத்தை நான் ஆதரிப்பதற்குக் காரணம் நடை தூரம். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த கல்வி நிலையங்கள் இன்றும் இந்த ஊரின் வாடகைச் சந்தையைத் தாங்குகின்றன. 1947இல் கலைக்கல்லூரி, 1952இல் பொறியியல் கல்லூரி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, 1985இல் பல்கலைக்கழகம். அரசு சட்டக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆய்வு மாணவர், கௌரவ விரிவுரையாளர், மாற்றலாகி வரும் வங்கி ஊழியர், மருத்துவமனைச் செவிலியர் ஆகியோர் தேடுவது ஒரு படுக்கையறையோ இரண்டு படுக்கையறையோ உள்ள வீட்டை, தண்ணீர் தடையில்லாத வீட்டை, இருசக்கர வாகனத்தை உள்ளே நிறுத்த இடமுள்ள வீட்டை. பளபளப்பு அவர்களுக்கு வேண்டியதில்லை. நான்கு படுக்கையறை கொண்ட தனி வீடு காரைக்குடியில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். சிறிய போர்ஷன் காலியாவதற்கு முன்பே அடுத்த ஆள் கேட்டு வந்துவிடுவார். உங்களுடையது இரண்டு போர்ஷன் என்பதில் இன்னொரு நன்மை, ஒன்று காலியானாலும் மற்றொன்றிலிருந்து வரவு நிற்காது. இரண்டுக்கும் தனித்தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மனக்கசப்பு நிச்சயம்.

வீட்டை ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் அப்பா பஸ் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடுவார். மழை நாளில் மேல்தளத்தின் மூலையில் ஓதம் ஏறுகிறதா, தெருவில் தண்ணீர் நின்று வாசற்படியைத் தொடுகிறதா, கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதா, எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பாதாளச் சாக்கடை இணைப்பு கொடுத்தாயிற்றா என்றும் கேட்கச் சொல்லுங்கள். காரைக்குடியின் நிலத்தடி நீர் பெயர் பெற்றது, சம்பை ஊற்றுத் தண்ணீரின் சுவையைச் சொல்லாத ஆள் இல்லை. அதற்காக எல்லாத் தெருவிலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வீட்டின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, இந்தப் பக்கத்துக்கே உரிய ஒரு ஆபத்தைச் சொல்ல வேண்டும். ஒத்தி. மாத வாடகை இல்லாமல் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து வீட்டில் குடியிருப்பதும், காலி செய்யும்போது அந்தத் தொகையை முழுதாகத் திரும்பப் பெறுவதும் இங்கே பரவலான வழக்கம். பெரும்பாலான ஒத்திகள் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டதோடு சரி, பதிவாவதில்லை. வில்லங்கச் சான்று என்பது சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், பதிவாகாதது அதில் வராது. விற்பவர் கிரயப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஐந்து லட்சம் ஒத்தி கொடுத்த குடும்பம் வீட்டுக்குள் இருக்கும். "எங்கள் பணத்தைக் கொடுங்கள், போகிறோம்" என்று புது உரிமையாளரான உங்களைத்தான் கேட்பார்கள். அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். ஆகவே விற்பவரும் புரோக்கரும் இல்லாத நேரத்தில், குடியிருப்பவர்களிடம் உங்கள் அம்மாவோ அப்பாவோ நேரே பேச வேண்டும். எவ்வளவு கொடுத்து வந்தீர்கள், வாடகையா ஒத்தியா, கையில் என்ன எழுத்து இருக்கிறது, எப்போது காலி செய்வதாகப் பேச்சு. நீங்கள் சொல்லியிருக்கும் 9,000, 7,500 ரூபாய் வாடகை இப்போது உண்மையில் வருகிறதா, விற்பவர் போட்ட மனக்கணக்கா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஒத்தி இருந்தால் அந்தத் தொகையைக் கிரய விலையிலிருந்து பிடித்து, பதிவு நாளன்று குடியிருப்பவர் கையில் கொடுத்து, ரசீது எழுதி வாங்கிக்கொள்வதே நல்லது.

வில்லங்கச் சான்றில் வராதவை வேறும் உண்டு. நிலுவையில் உள்ள வழக்கு, பதிவாகாத உயில், இறந்தவரின் வாரிசுகள். மூலப் பத்திரத்தைத் தனியார் ஒருவரிடம் கொடுத்துப் புரோநோட்டில் கடன் வாங்கியிருந்தால் அதுவும் தெரியாது. வட்டித் தொழில் தலைமுறையாக நடந்த மண் இது, இப்படி நடப்பது அபூர்வமில்லை. நகலைக் காட்டி, "ஒரிஜினல் லாக்கரில் இருக்கிறது" என்றால் லாக்கர் திறக்கும் நாளில் போய்ப் பார்க்க வேண்டும். வில்லங்கம் குறைந்தது முப்பது ஆண்டுக்குப் போடுங்கள். 1975க்கு முந்தைய பதிவுகள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்காது, சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகப் பகுதியில் பல வீடுகள் பிற்காலத்தில் மனைகளாகப் பிரிக்கப்பட்ட இடங்களில் இருக்கின்றன. அந்த மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, இல்லாமல் இருந்து பின்னால் வரன்முறை செய்யப்பட்டதா என்று பாருங்கள்.

பட்டா விற்பவர் பெயரில் இருக்க வேண்டும். அதோடு நிற்காமல் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ஏ பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்ன வகையாகப் பதிவாகியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். செட்டிநாட்டில் கோயிலுக்கும் மடத்துக்கும் சத்திரத்துக்கும் ஊரணிக்கும் எழுதி வைக்காத ஊர் கிடையாது. அந்த அறங்களுக்கு விட்ட நிலங்கள் பின்னால் கைமாறி, வீடாகி, வரி ரசீதும் மின் இணைப்பும் வாங்கி, பார்ப்பதற்குச் சாதாரணச் சொத்தாகவே நிற்கும். கோயில் நிலம் என்று தெரியவந்தால் எத்தனை கை மாறியிருந்தாலும் உங்கள் பத்திரம் உங்களைக் காப்பாற்றாது. அறநிலையத் துறை ஆட்சேபணை தெரிவித்த சர்வே எண்களின் பட்டியல் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். அதில் உங்கள் எண் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பிறகு பேச்சைத் தொடருங்கள்.

விற்பவர் எங்கே வசிக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மலேசியாவிலோ வேறு வெளிநாட்டிலோ வசிப்பவர் என்றால் வரிப் பிடித்தம் உங்கள் தலையில் விழும். உள்நாட்டில் வசிப்பவரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ விலைக்கு வாங்கினால் 1 சதவீதம் பிடித்தால் போதும். விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டுமே அதற்குக் கீழே இருந்தால் ஒன்றும் இல்லை. வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கும்போது அந்த வரம்பே கிடையாது. நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் கூடுதல் தீர்வைகளும் பிடித்துக் கட்ட வேண்டும். குறைவாகப் பிடிக்க வேண்டுமானால் வருமான வரித் துறையிடமிருந்து அதற்கான சான்றை விற்பவர் முன்கூட்டியே வாங்கி வர வேண்டும். பிடிக்காமல் விட்டால் துறை தேடி வருவது உங்களை.

நீங்களும் வெளிநாட்டில் வசிப்பதால் இதன் மறுபக்கமும் உண்டு. உங்களுக்கு வாடகை கொடுப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். 7,500 ரூபாய் வாடகை கொடுக்கும் செவிலியருக்கு இது தெரியாது, செய்யவும் வசதிப்படாது. உங்கள் நிலையில் எளிய வழி, பெற்றோரில் ஒருவர் பெயரையும் சேர்த்து வாங்கலாமா, பணம் யாருடையது, வரி யார் கணக்கில் என்பதைக் கணக்காய்வாளர் ஒருவரிடம் பதிவுக்கு முன்பே பேசி முடிவு செய்வதுதான். வரியை எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. சொத்து வரி போக உள்ள வாடகையில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவாகப் போகும், கடன் வட்டியும் கழியும். 27 லட்சம் கடனுக்கு முதல் ஆண்டு வட்டியே இரண்டே கால் லட்சத்தை ஒட்டி வருவதால், தொடக்க ஆண்டுகளில் வாடகைக்கு வரி வராது. ஆனால் கணக்குத் தாக்கல் செய்வது நல்லது, வாடகையும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான உங்கள் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கில் வரட்டும்.

குடிவைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் குறித்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும். "பதினோரு மாதம் என்று போட்டால் பதிவு வேண்டாம்" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். இந்தச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. பதிவு இணையத்திலேயே முடியும். செலவுக்குப் பயந்து விட்டுவிட்டால், நாளை இரண்டு மாத வாடகை நின்றுபோய் நீங்கள் காலி செய்யச் சொல்லும்போது கையில் ஒன்றும் இருக்காது. எழுத்தில் வேறு பேசிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. சண்டை வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவே கூடாது. ஒப்பந்தம் மே மாதத்தில் முடியும்படி வையுங்கள். பள்ளி, கல்லூரி திறக்கும் நேரத்தில்தான் இந்த ஊரில் வீடு தேடுபவர்கள் அதிகம்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களிடம் உரிமையோடு பேசுகிறேன். நம் பக்கத்தில் வீடு கேட்டு வருபவரிடம் முதல் கேள்வியே "நீங்கள் யார், எந்த ஊர், என்ன சாப்பிடுவீர்கள்" என்பதாக இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வேண்டாம். வேலை என்ன, முன்பு இருந்த வீட்டில் வாடகை ஒழுங்காகக் கொடுத்தாரா, எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள், இவ்வளவு போதும். வெளியூரிலிருந்து ஆய்வுக்கு வந்த ஒரு பிள்ளை சாதியும் சாப்பாடும் சொல்லிச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்குவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. வெளிநாட்டில் வீடு தேடி அலைந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

வேலையைப் பின்வரும் வரிசையில் செய்யுங்கள். விற்பவரிடம் மூலப் பத்திரம் முதல் கடைசிக் கிரயம் வரை எல்லாவற்றின் நகலையும், பட்டா, வரைபட அனுமதி, கடைசி அரையாண்டுச் சொத்து வரி ரசீது ஆகியவற்றையும் கேளுங்கள். இதற்கு அட்வான்ஸ் தேவையில்லை. கொடுத்தால்தான் தருவேன் என்றால் அங்கேயே விட்டுவிடலாம். ஆவணங்கள் வந்ததும் உங்களுக்காக மட்டும் வேலை செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் கொடுங்கள். வங்கி வழக்கறிஞர் பார்ப்பார் என்று விட்டுவிடாதீர்கள். என்னைப் போன்றவர்கள் வங்கிக்காக எழுதும் கருத்து வங்கியின் கடனுக்குப் போதுமானதா என்ற கேள்விக்குத்தான் பதில். உங்கள் வழக்கறிஞர் சரி என்ற பிறகு கிரய ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அதுவும் பதிவாக வேண்டிய ஆவணம், வெறும் முத்திரைத்தாளில் முடித்துக்கொள்ள வேண்டாம். பணம் முழுவதும் வங்கி வழியாகவே போகட்டும், விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

பதிவுக்கு நீங்களே வர முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இந்த ஒரு சொத்தை உங்களுக்காக வாங்குவதற்கு மட்டும் அப்பாவுக்கு அதிகாரம் தரும் பத்திரத்தை எழுதி, சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அது இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அந்தக் கெடு தவறினால் வீண் சிக்கல்தான். அதனால் வழக்கறிஞர் சரி என்ற பிறகு, கிரய ஒப்பந்தத்துக்கு முன் அதை அனுப்பினால் போதும்.